வானலைக்குப் பட்டா யார் பெயரில்? – அலைக்கற்றையை அரசுத் துறைகள் பகிர்ந்துகொள்ளும் விதம்

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், விஜயநாராயணத்தில், கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த நிலையம், கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. சாதாரண வானொலி அலை உப்புநீரில் இறங்கியதுமே மடிந்துவிடும். அதனால் இங்கே 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறார்கள். 18 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். தண்ணீருக்குள் சில மீட்டர் ஆழத்துக்கேனும் புகக்கூடியது அந்த அலைதான்.

சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடங்களைத் தாண்டித்தான் அதுவும் போகிறது. அதே வானத்தில் 1963 முதல் இயங்கும் திருநெல்வேலி வானொலி நிலையத்தின் அலையும் வருகிறது. செல்போன் கோபுரங்களின் அலைகள், காவல் துறையின் வயர்லெஸ், விருதுநகர்–தென்காசி தடத்தில் ஓடும் ரயில்களின் தகவல் தொடர்பு, கேபிள் டிவிக்காரர் தட்டு ஆன்டெனாவில் பிடிக்கும் செயற்கைக்கோள் அலை எல்லாமே அங்கேதான். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களுக்கும் அலை வேண்டும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், ராக்கெட்டைப் பின்தொடர இஸ்ரோவுக்கும் அங்கே இடம் வேண்டும்.

எவ்வளவு பயன்படுத்தினாலும் அலைக்கற்றை தீர்ந்துபோவதில்லை. ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே யார் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு திறனில், எந்த எல்லைக்குள் இருப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும். பாதுகாப்பு, விண்வெளி, ரயில்வே, விமானப் போக்குவரத்து, உள்துறை, ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு என ஒவ்வொரு துறைக்கும் தனி அமைச்சர், தனித் தேவை, தனி அவசரம். இவர்கள் ஒத்துப்போகும்போது யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஒத்துப்போகாதபோது நாடு பெரும் விலை கொடுத்திருக்கிறது.

ஒன்பதின் மடங்குகள்

தமிழ்நாட்டு மத்திய அலை வானொலி நிலையங்களின் எண்களை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ். ஐந்தும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 1975இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய பகுதிகளுக்கு மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைத்தது. அமெரிக்கக் கண்டத்தில் இந்த இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே இன்றும் இருக்கிறது. அந்த அலை மன்னார் வளைகுடாவைக் கடக்க யாரிடமும் கடவுச்சீட்டு காட்டவில்லை. மறுபக்கம், தூத்துக்குடியின் 200 கிலோவாட் ஒலிபரப்பி இலங்கை நேயர்களைச் சென்றடைந்தது.

நாடுகளுக்கு இடையிலான இந்த ஏற்பாட்டை 1865இல் உருவான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கவனிக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது உலக வானொலித் தொடர்பு மாநாட்டைக் கூட்டுகிறது. கடைசியாக 2023 நவம்பர், டிசம்பரில் துபாயில் கூடியது. அடுத்தது 2027இல் ஷாங்காயில். அங்கே இந்தியா ஒரே குரலில் பேச வேண்டும். செல்போன் சேவைக்குக் கூடுதல் அலைக்கற்றை கேட்கும் துறையும், அதே அதிர்வெண் பட்டையில் செயற்கைக்கோள் வைத்திருக்கும் துறையும், ரேடார் வைத்திருக்கும் படையும் புறப்படுவதற்கு முன்பே தில்லியில் உடன்பட்டால்தான் அது நடக்கும்.

தில்லியில் கூடும் குழு

அந்த உடன்பாட்டை எட்ட வேண்டிய பொறுப்பு, தொலைத்தொடர்புத் துறைக்குள் இருக்கும் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் இருக்கிறது. 1952இல் உருவான இதை அலுவலக வட்டாரத்தில் டபிள்யூபிசி என்பார்கள். எந்தப் பட்டை எந்தச் சேவைக்கு என்று சொல்லும் தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டத்தை வெளியிடுவதும் இந்தப் பிரிவுதான். முதல் திட்டம் 1981இல் வந்தது. பிறகு 2000, 2002, 2008, 2011, 2018, 2022 எனப் பலமுறை திருத்தப்பட்டது.

பல துறைகளும் ஒன்றாக உட்காரும் இடம் சாக்ஃபா என்று அழைக்கப்படும் நிலை ஆலோசனைக் குழு. பாதுகாப்பு, விண்வெளி, ரயில்வே, விமான நிலைய ஆணையம், ஒலிபரப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகள் இதில் உண்டு. சங்கரன்கோவிலில் ஒரு நிறுவனம் புதிய கோபுரம் எழுப்ப நினைத்தால் அதன் இடம், உயரம், அதிர்வெண் விவரங்கள் இந்தக் குழுவின் வழியாகப் போகும். கோபுரம் விமானப் பாதைக்குக் குறுக்கே நிற்குமா, ஏற்கெனவே இருக்கும் அலைத்தொடரை மறைக்குமா, பாதுகாப்பு நிலையம் எதற்கும் இடைஞ்சலா என்று அவரவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விண்ணப்பமும் பதிலும் இப்போது இணையத்தில் நடக்கின்றன.

சமுதாய வானொலியை எடுத்துக்கொண்டால் இந்த நடைமுறையின் நியாயமும் சுமையும் சேர்ந்தே புலப்படும். 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். ஒலிபரப்பியின் திறன் 50 வாட், ஆன்டெனா 30 மீட்டர். ஒரு சிற்றூருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டுமே எட்டும் குரல் அது. ஆனாலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் தொடங்கி, உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் இசைவு பெற்று, பின்பு டபிள்யூபிசியிடம் அதிர்வெண் வாங்க வேண்டும். இவ்வளவும் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. எஃப்எம் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதே புள்ளியில் விமான வழிகாட்டுக் கருவிகளின் பட்டை தொடங்குகிறது. சரியாக அமைக்கப்படாத சிறிய ஒலிபரப்பிகூட விமானிக்குத் தொல்லையாகலாம். எனவே பரிசோதனை தேவை. அதை ஒவ்வொரு அமைச்சகத்திலும் அடுத்தடுத்துக் காத்திருந்து முடிக்காமல் ஒரே நேரத்தில் முடிக்கலாம் என்பதே விண்ணப்பிப்பவர்களின் நியாயமான கோரிக்கை.

தமிழ்நாட்டில் அலைக்கற்றை என்றதும் நினைவுக்கு வருவது 2ஜி. 2008இல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்து செய்தது. குற்ற வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21 அன்று அனைவரையும் விடுவித்தது. அந்த விவாதம் முழுவதும் தனியாருக்கு எப்படி, என்ன விலையில் கொடுப்பது என்பதைச் சுற்றியே நடந்தது. அரசுத் துறைகள் தங்களுக்குள் எப்படிப் பங்கிடுகின்றன என்ற கேள்வியை அநேகமாக யாரும் எழுப்பவில்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு அரசுத் துறைகளையும் உள்ளடக்கியதுதான்.

பேசாமல் கொடுத்ததன் விலை

2005 ஜனவரியில் விண்வெளித் துறையின் வணிகக் கிளையான ஆன்ட்ரிக்ஸ், பெங்களூரைச் சேர்ந்த தேவாஸ் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. இரண்டு செயற்கைக்கோள்களின் திறனும், எஸ் பட்டையில் 70 மெகாஹெர்ட்ஸும் அதில் அடங்கின. செயற்கைக்கோள் பயன்பாட்டுக்கென விண்வெளித் துறை கையில் வைத்திருந்த பட்டை அது. சில ஆண்டுகளில் அதே அதிர்வெண்கள் தரைவழி அகண்ட அலைச் சேவைக்கு உலகெங்கும் மதிப்புப் பெற்றன. படைகளும் ரயில்வேயும் தங்களுக்கும் வேண்டும் என்றன. பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு 2011 பிப்ரவரியில் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

அதன் பிறகு நடந்தது ஒரு நெடிய வழக்குத் தொடர். 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் 56 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. பல நாட்டு நீதிமன்றங்களில் இந்திய அரசின் சொத்துகளை முடக்க முயற்சிகள் நடந்தன. தேவாஸ் நிறுவனம் மோசடி நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது என்று முடிவு செய்து, அதைக் கலைக்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உறுதி செய்தது. மோசடியின் கதை தனி. நிர்வாகத்துக்கான பாடம் வேறு: ஒரு துறை தன் கையில் இருக்கும் அலைக்கற்றையைப் பற்றி முடிவெடுக்கும் முன் மற்றத் துறைகளின் எதிர்காலத் தேவையைக் கேட்கக் கட்டாயம் இருந்திருந்தால், 2011இல் எழுந்த கேள்வி 2005லேயே எழுந்திருக்கும்.

ராணுவம் நகர்ந்த விதம்

எதிர்மாறான உதாரணமும் இங்கேயே இருக்கிறது. செல்போன் பரவத் தொடங்கியபோது அதற்கேற்ற அதிர்வெண்களில் பெரும்பகுதி முப்படைகளின் பயன்பாட்டில் இருந்தது. படைகளைக் காலி செய்யச் சொல்வது எளிது. ஆனால் அவர்கள் எதில் பேசுவார்கள்?

2009 மே மாதம் தொலைத்தொடர்புத் துறையும் பாதுகாப்பு அமைச்சகமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. படைகள் கட்டம் கட்டமாக 45 மெகாஹெர்ட்ஸ் வரை விடுவிக்கும். ஈடாக அவற்றுக்கென்றே தனிக் கண்ணாடி இழை வலையமைப்பை அரசு அமைத்துத் தரும். நிறைவேற்றும் பொறுப்பு பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு. 2012இல் இத்திட்டத்துக்கு 13,334 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2018இல் அமைச்சரவை மேலும் 11,330 கோடி சேர்த்தது. பணிகள் தாமதமாயின, செலவும் பெருகியது. ஆனால் 2010இல் நடந்த 3ஜி மற்றும் அகண்ட அலை ஏலங்கள் மட்டுமே ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டின. விடுவிக்கப்பட்ட அலைக்கற்றையின் மதிப்போடு ஒப்பிட்டால் இழைக்கு ஆன செலவு வீண் அல்ல.

2015 ஜனவரியில் இன்னொரு முக்கிய முடிவு வந்தது. படைகளுக்கான பட்டை எது என்பதை அமைச்சரவை வரையறுத்தது. சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் உள்வரை பாதுகாப்பு நலன் மண்டலம் என்றும் அறிவித்தது. கூடவே 2100 பட்டையில் படைகளிடம் இருந்த 15 மெகாஹெர்ட்ஸை 1900 பட்டைக்கு மாற்றிக்கொள்ளவும் உடன்பாடு ஏற்பட்டது. இந்த ஏற்பாட்டில் மூன்று அம்சங்கள் இருந்தன: மாற்று வசதி, அதற்கான பணம், எழுத்தில் எல்லை. இவை மூன்றும் இருந்ததால்தான் உலகின் பெரிய ராணுவங்களில் ஒன்று தன் அலைகளை விட்டுக்கொடுத்தது.

ஓடுபாதையும் தட்டு ஆன்டெனாவும்

2022 ஜனவரி 19 அன்று ஏர் இந்தியா தன் அமெரிக்க விமானங்கள் சிலவற்றை ரத்து செய்தது. அமெரிக்காவில் 5ஜி சேவை அன்று புதிய பட்டையில் தொடங்கவிருந்தது. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4200–4400 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்காவின் புதிய 5ஜி 3980 வரை வந்துவிட்டது. இடைவெளி 220 மெகாஹெர்ட்ஸ் மட்டும்.

அந்த நாட்டில் தனியார் அலைக்கற்றையை மத்திய தொலைத்தொடர்பு ஆணையமும், அரசுத் துறைகளின் அலைக்கற்றையை வர்த்தகத் துறையின் கீழ் இருக்கும் தனி அமைப்பும் நிர்வகிக்கின்றன. துறைகளுக்கு இடையிலான ஆலோசனைக் குழு 1922 முதலே இருக்கிறது. நூறாண்டு பழைய குழு இருந்தும், பல ஆயிரம் கோடி டாலருக்கு ஏலம் முடிந்த பிறகே விமானத் துறையின் எச்சரிக்கை முழு அளவில் வெடித்தது. 2022 ஆகஸ்டில் இரு அமைப்புகளும் தங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எழுதின.

இந்தியாவில் அதே ஆண்டு ஏலம் விடப்பட்ட நடுப்பட்டை 3300 முதல் 3670 வரைதான். விமானக் கருவிக்கும் அதற்கும் 530 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இருந்தும் தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பர் 29 அன்று நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. தில்லி, பெங்களூரு, நாக்பூர், புனே, குவாஹாட்டி விமான நிலையங்களில் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2,100 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 910 மீட்டர் வரை அந்தப் பட்டையில் 5ஜி நிலையம் கூடாது. அதற்கு அப்பால் 540 மீட்டருக்குத் திறன் வரம்பு. பழைய கருவிகள் மாற்றப்படும்வரை இந்த ஏற்பாடு. அளந்து சொல்லப்பட்ட எல்லை என்பதால் இரு தரப்பும் வேலையைத் தொடர முடிந்தது.

கேபிள் டிவிக்காரர்களுக்கு இதே அளவு கவனம் கிடைக்கவில்லை. அவர்கள் பிடிக்கும் செயற்கைக்கோள் அலை 3700–4200 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 5ஜி முடியும் இடத்திலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெலிந்த அலையைப் பிடிக்கும் கருவிக்குப் பக்கத்திலேயே வலுவான 5ஜி கோபுரம் இருந்தால் படம் உடையும். தகுந்த வடிகட்டியைப் பொருத்துவதே தீர்வு. அதைப் பொருத்தச் சொல்லித் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அறிவுரை போதாது. ஏலத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் ஈட்டிய அரசு, சிறிய ஊர்களில் சில நூறு இணைப்புகளை வைத்துப் பிழைக்கும் ஒருவரின் வடிகட்டிச் செலவையும் திட்டத்துக்குள் சேர்த்திருக்க வேண்டும். ராணுவத்துக்கு மாற்று வசதி செய்து கொடுத்த நியாயம் அவருக்கும் பொருந்தும்.

ரயிலும் வெள்ளமும்

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. ஓட்டுநர், காவலர், நிலைய அதிகாரி இடையே நம்பகமான பேச்சும், மோதலைத் தடுக்கும் கவச் அமைப்பின் தகவல் பரிமாற்றமும் அதில் நடக்க வேண்டும். திட்ட மதிப்பு 25,000 கோடி ரூபாய்க்கு மேல். தாழ்ந்த அதிர்வெண் என்பதால் வெகுதூரம் செல்லும். செல்போன் நிறுவனங்களும் விரும்பும் பட்டை. அதில் ஒரு பகுதியை உயிர்ப் பாதுகாப்புக்கென்று அரசு எடுத்து வைத்தது சரியான முடிவு.

அதே தெளிவு பேரிடர்த் தொடர்பில் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் சிக்கினர். ஹெலிகாப்டரிலிருந்து உணவு போட வேண்டியிருந்தது. அத்தகைய நேரத்தில் மாவட்ட நிர்வாகம், காவல், தீயணைப்பு, தேசியப் பேரிடர் மீட்புப் படை, ரயில்வே, விமானப்படை என அனைவரும் ஒரே வேலையில் இருக்கிறார்கள். ஆனால் அவரவர் வயர்லெஸ் அவரவர் பட்டையில். பொதுப் பாதுகாப்புக்கும் பேரிடர் மீட்புக்கும் தனி அலைக்கற்றையுடன் நாடு தழுவிய அகண்ட அலை வலையமைப்பு வேண்டும் என்று டிராய் 2018 ஜூனிலேயே பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரைக்கும் தாமிரபரணி வெள்ளத்துக்கும் இடையே ஐந்தரை ஆண்டுகள்.

கடைத்தெருவிலும் இந்த நிர்வாகத்துக்கு வேலை இருக்கிறது. சிக்னல் கிடைக்கவில்லை என்று வீட்டிலும் கடையிலும் பூஸ்டர் மாட்டுவது சட்டவிரோதம். ஒருவர் மாட்டிய கருவி அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் அனைவரின் தொடர்பையும் கெடுக்கக்கூடும். தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் இதை மீண்டும் பொதுமக்களுக்கு எச்சரித்தது. ஆடித்தபசு போன்ற லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழாக்களில் வாக்கி-டாக்கி இல்லாமல் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. இணையத்தில் விற்கும் கருவி எந்த அதிர்வெண்ணில் இயங்கும் என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. உரிமம் தேவையில்லாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியே போனால் அது காவல் துறையின் பேச்சிலும் குறுக்கிடலாம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தொலைத்தொடர்புத் துறையையும் உள்துறையையும் கலந்து, இத்தகைய விற்பனைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மூன்று துறைகள் சேர்ந்தால் எவ்வளவு விரைவாக வேலை நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பதிவேடு எங்கே?

இந்த உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே குறை இருக்கிறது. ஏலத்தில் எடுத்த நிறுவனத்திடம் எந்த மாநிலத்தில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்பதைப் பொதுமக்கள் அறியலாம். அரசுத் துறைகள் வைத்திருப்பது எவ்வளவு, அதில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்பதை அறிய வழியில்லை. சங்கரன்கோவில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கால் ஏக்கர் புஞ்சைக்கும் பட்டாவும் அடங்கலும் உண்டு. யார் பெயரில் இருக்கிறது, இந்தப் பசலியில் என்ன பயிர் என்று பார்த்துவிடலாம். அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பொதுச் சொத்துக்கு அப்படியொரு பதிவேடு மக்கள் பார்வையில் இல்லை.

இந்திய கணக்குத் தணிக்கைத் தலைவர், அரசுத் துறைகளுக்கு நிர்வாக முறையில் ஒதுக்கப்பட்ட அலைக்கற்றையைத் தனியாகத் தணிக்கை செய்து, 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். இந்த அலைக்கற்றையை ஒட்டுமொத்தமாகப் பார்த்துத் திட்டமிடும் ஏற்பாடு போதவில்லை என்பது அதன் சாரம். ஏலத் தொகைகளுக்குக் கிடைத்த செய்தி வெளிச்சத்தில் ஒரு பங்குகூட இந்த அறிக்கைக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இப்போது கைவசம் இருக்கிறது. 1885, 1933 ஆண்டுகளின் பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்த தொலைத்தொடர்புச் சட்டம், 2023, அலைக்கற்றையை ஏலத்தில்தான் வழங்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, வானிலை, ரயில் உள்ளிட்ட தேவைகளுக்கு முதல் அட்டவணையில் விலக்கு அளிக்கிறது. தகுந்த காரணமின்றிப் பயன்படாமல் கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெறவும் அது அதிகாரம் தருகிறது. எது பயன்படாமல் கிடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அதிகாரத்துக்குப் பொருள் உண்டு.

விஜயநாராயணத்தின் அதிர்வெண் விவரங்களைக் கடைவீதியில் ஒட்டும்படி யாரும் கேட்கவில்லை. நாட்டின் பாதுகாப்புக்குரியவை மூடியே இருக்கட்டும். மற்றத் துறைகளின் ஒதுக்கீட்டையும் பயன்பாட்டையும் ஆண்டுதோறும் வெளியிடலாம். பாதுகாப்புத் துறையின் பயன்பாட்டை நாடாளுமன்ற நிலைக்குழு மூடிய கூட்டத்தில் ஆராயலாம். சாக்ஃபா கூட்ட முடிவுகளையும் தாமதத்துக்கான காரணங்களையும் இணையத்தில் போடலாம். பேரிடர் வலையமைப்பு பற்றிய 2018 பரிந்துரைக்குச் செயல் தேதி ஒன்றை அறிவிக்கலாம். இவற்றுக்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம். தென்மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தில்லியில் எழுப்ப வேண்டிய கேள்விகள் இவை. அவர்களிடம் கேட்க வேண்டியவர்கள் இங்கே வாழும் வாக்காளர்கள்.